சோளம் போட்ட பிறகு ஓர் ஓட்டு

கொப்பரையில் சோளம் விழுந்துவிட்டால் அதன்பிறகு கிண்டுகிற துடுப்பு நிற்கக்கூடாது. கோழியும் மொச்சையும் தக்காளியும் உருளைக்கிழங்கும் பொறுமைசாலிகள். விடிந்ததிலிருந்து கொதித்துக்கொண்டு கிடக்கும். கிண்டுகிறவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டு வந்தாலும் கோபித்துக்கொள்ளாது. சோளம் அப்படியில்லை. கொஞ்சம் கண் அசந்தால் நேரே அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தெற்கு வர்ஜீனியாவின் அந்தப் பக்கத்தில் ஒருவன் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்ததைக்கூட மறந்துவிடுவார்கள், ஸ்டூ என்கிற அந்தக் குழம்பை அடிப்பிடிக்க விட்டதை மறக்க மாட்டார்கள். வெர்னாவின் தம்பி டிங்க் இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சர்ச் விருந்தில் அந்தக் காரியத்தைச் செய்தவன். அவன் வரும்போது மூக்கைச் சுளித்துக் காட்டுகிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

வெர்னா கிளாரிக்கு அறுபத்தோரு வயது. ஹிக்கரி ஃபோர்க் தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கிற கொப்பரைக்கு முப்பது வருஷமாக அவள்தான் பொறுப்பு. அதனால் ஊரில் அவளுக்குக் கொப்பரைக்காரி என்றே பெயர். நவம்பர் மாதத்துத் தேர்தல் செவ்வாய்க்கிழமைதான் வருஷத்தில் பெரிய நாள். கொட்டகைக்குள்ளே ஓட்டுப்பதிவு, பின்பக்கம் புல்வெளியில் ஸ்டூ விற்பனை. மத்தியானத்துக்கு ஒரு கொப்பரை, வேலை விட்டு வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் இன்னொரு கொப்பரை. வருகிற காசெல்லாம் தீயணைப்பு வண்டிக்கு.

அது ஒற்றைப்படை வருஷம். இரட்டைப்படை வருஷத்தில் ஜனாதிபதி, செனட்டர், வாஷிங்டன் மெம்பர் என்று பெரிய தலைகளின் பெயர்கள் ஓட்டுச்சீட்டில் இருக்கும். கார்கள் மெயின் ரோடுவரை நிற்கும். ஒற்றைப்படை வருஷத்தில் மாவட்டத்தைக் கவனிக்கிற கவுண்டி வாரியம், ஷெரிஃப், மண் பாதுகாப்புக்காரர் என்று உள்ளூர்ப் பெயர்கள்தான். ஓட்டுப் போட வருகிறவர்களைக் கொப்பரை அருகில் நின்றபடியே எண்ணிவிடலாம். பாதிப் பேர் ஸ்டூ வாங்க வந்து, வந்ததோடு வந்ததாக ஓட்டையும் போட்டுவிட்டுப் போகிறவர்கள்.

இந்த வருஷம் அந்தச் சீட்டில் வெர்னாவின் புருஷன் ஹோபர்ட்டின் பெயர் இருந்தது.

ஹோபர்ட் முப்பத்தோரு வருஷம் நாற்காலி மேசை செய்கிற கம்பெனியில் மேஸ்திரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியைப் பூட்டினார்கள். பூட்டிய மறுநாள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். டிவியில் வானிலைச் செய்தியை வைத்துக்கொண்டு, தான் போகவே போகாத ஊர்களில் எல்லாம் எத்தனை அங்குலம் மழை என்று பார்த்துக்கொண்டிருப்பான். மீனா கோழியா என்று கேட்டால் எதுவானாலும் சரி என்பான். வேட்டைக்குக் கூப்பிட்டால் முட்டி வலி. மகள் பிள்ளைபெற்ற செய்தியைப் போனில் சொன்னபோது நல்லது என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்தான். மனுசன் உயிரோடு இருந்துகொண்டே விலகிப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் வெர்னா பயந்தாள்.

கோடையில் அவனை வேட்பாளராக நிறுத்த அவளே ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கிவந்து மேசையில் போட்டாள். 644-ஆம் நம்பர் ரோட்டுப் பாலம் உடைந்து பதினாலு மாதமாகிறது, கவுண்டி வாரியம் இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது, நீ நில்லு என்றாள். எதுவானாலும் சரி என்றான். ஆனால் வீடு வீடாகப் போகத் தொடங்கிய மூன்றாவது வாரம் தானாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டான். நாலாவது வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் பாலத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். பேசப் பேச வறுத்த மீன் ஆறிப்போனதைப் பார்த்துக்கொண்டு வெர்னா உட்கார்ந்திருந்தாள். கவுண்டி வாரியத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. தோற்றால் அவன் மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போய்விடுவான், இந்தத் தடவை போனால் எழுந்திருக்க மாட்டான் என்பதுதான் அவளுடைய கவலை.

தேர்தல் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஹோபர்ட் கொப்பரைப் பக்கம் வந்தான். காலையிலிருந்து எதிர் வேட்பாளர் பிரெஸ்டன் ஈலமைப்போலவே வாசலுக்கு நாற்பது அடி தள்ளி நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்பது அடிக்குள்ளே ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். டேப்பை வைத்து மூன்று தடவை அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டதும் அவனேதான். மூக்கு குளிரில் சிவந்திருந்தது.

"எப்படி இருக்கு மச்சான் நெலவரம்?" என்றான் டிங்க், துடுப்பைத் தள்ளிக்கொண்டே.

"நூத்தம்பது பேருக்கு மேல வந்துட்டுப் போயிருக்காக. பாதிப்பேரு என்கிட்ட நல்லாப் பேசுனாக. அதே பாதிப்பேரு பிரெஸ்டன்கிட்டயும் நல்லாப் பேசுனாக."

"நீ ஓட்டுப் போட்டியா?" என்று கேட்டாள் வெர்னா. அவள் மிளகாய்த்தூளை உள்ளங்கையில் கொட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில ஆறு மணிக்கே. நானும் பிரெஸ்டனும் ஒண்ணாத்தான் உள்ள போனோம்."

"ஒண்ணாப் போனீகளா? எதுக்கு?"

ஹோபர்ட் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டான். "வாசல்ல வச்சுக் கையக் குடுத்தாரு. ஒன் ஓட்டு எனக்கு, என் ஓட்டு ஒனக்கு, அதான ஹோபர்ட் நம்ம ஊரு மரியாதைன்னாரு. எங்க அப்பா வாரியத்துக்கு நின்னப்பவும் அப்படித்தான செஞ்சாக. தன் பேருக்குத் தானே போட்டுக்கிடுறது அசிங்கமில்லையா. நானும் கையக் குடுத்தேன்."

வெர்னா மிளகாய்த்தூளை அப்படியே கொப்பரையில் கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஏய்யா, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? இருபது வருசமா வாரியத்துல ஒக்காந்திருக்குற ஆளு, ஒன் கையப் பிடிச்சா நீயும் குடுத்துட்டு வருவியா? அந்தாளு உள்ள போயி யாருக்குப் போட்டாருன்னு நீ பாத்தியா?"

"பாக்க முடியுமா? தட்டி மறைச்சு வச்சிருக்காக."

"அதத்தான நான் சொல்லுறேன்."

"வாக்குக் குடுத்தாச்சு வெர்னா. இப்ப எதுக்கு அதப் பேசிக்கிட்டு."

அவன் கொப்பரையைப் பார்த்தானே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டிங்க் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, அப்ப நம்ம பக்கம் ஒண்ணு கொறைஞ்சு அவுக பக்கம் ஒண்ணு கூடிப்போச்சு. நீ போயி ஒண்ண ஏத்திவிட்டு வா" என்றான்.

வெர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் இன்னும் ஓட்டுப் போடவில்லை. முதல் கொப்பரை காலியானதும் ஒரு மணிக்குப் போவதாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து லூதரன் சர்ச்சிலிருந்து நாற்பது பேர் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். அப்புறம் இரண்டாவது கொப்பரைக்குக் கோழி உரிக்க வேண்டியிருந்தது.

"அஞ்சு மணிக்குச் சோளம். சோளத்தப் போட்டுட்டு, தீயணைப்புப் பயலுகள்ட்ட துடுப்பக் குடுத்துட்டுப் போயிட்டு வாரேன்" என்றாள். "நீ போய்யா, ஒன் கோட்டுலயே நில்லு. யாரு கையையும் பிடிக்காத."

ஐந்து மணிக்குச் சோளம் விழுந்தது. இருட்டத் தொடங்கியதும் கொட்டகையின் மஞ்சள் விளக்கைப் போட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் நாலு பேர் முறைவைத்துக் கிண்டினார்கள். ஸ்டூ கெட்டியாகிக்கொண்டு வந்தது. நட்டநடுவில் துடுப்பை நிறுத்திக் கையை எடுத்தால் அது சாயாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஆறு மணிக்கு வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாள். புறப்பட்ட இடத்திலேயே சங்கு ஊதியது.

டார்ப்ளி ரோட்டில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தீ. நாலு பேரும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு போய்விட்டது. டிங்க் பாய்ந்து துடுப்பைப் பிடித்தான். அவனை நம்பி விட்டுவிட்டுப் போக வெர்னாவுக்கு மனசு வரவில்லை, பக்கத்திலேயே நின்றாள். பத்து நிமிஷம் கிண்டியிருப்பான். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டு ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, நான் எந்திரிச்சா இப்படியேதான் நிப்பேன், நாலு நாளைக்கு" என்றான்.

"நீ ஒக்காரு. சமயம் பாத்துதான் ஒனக்கு இடுப்பு பிடிக்கும்."

துடுப்பு மறுபடி அவள் கைக்கே வந்தது. ஹோபர்ட் அங்கே இல்லை. கார் இல்லாத ஒரு விதவையை ஓட்டுப் போடக் கூட்டிவரப் போயிருந்தான். பாத்திரத்தோடு வரிசையில் நின்றவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் பிரெஸ்டன் ஈலமின் சொந்தக்காரர்கள். ஈலம் வீட்டு ஆளின் கையில் கொப்பரையைக் கொடுத்துவிட்டு ஈலமுக்கு எதிராக ஓட்டுப் போடப் போவது நடக்கிற காரியமா. நாலாவது ஆளுக்கு ஒரு கையில் மாவுக்கட்டு. ஐந்தாவது ஆளை முப்பது வருஷமாகத் தெரியும், அதனாலேயே வெர்னா அவனைக் கேட்கவில்லை. கொட்டகைச் சுவரில் இருந்த கடிகாரம் ஆறு முப்பத்தெட்டு காட்டியது. ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வெர்னா கொப்பரையைத் திட்டினாள்.

அப்போது பளபளப்பான கறுப்பு வண்டி ஒன்று புல்வெளி ஓரத்தில் வந்து நின்றது. நீளக் கோட்டும் சிவப்பு டையுமாக ஐம்பது வயது ஆள் ஒருவர் இறங்கினார். பின்னாலேயே போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் அம்மாள். அவர் வரிசையில் நின்ற ஐந்து பேரின் கையையும் குலுக்கினார். மாவுக்கட்டுக்காரரின் மாவுக்கட்டைக் குலுக்கினார். டிங்க்கின் கையைக் குலுக்க, டிங்க் ஐயோ என்றான். கடைசியில் கொப்பரை முன்னால் வந்து கையை நீட்டினார்.

"வணக்கம்மா. நான் பார்க்கர் லேங்ஸ்டன். உங்க வாஷிங்டன் மெம்பர்."

வெர்னா கிண்டிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள். டிங்க்தான் பேசினான். "நம்ம மெம்பர் குட்டையா, வழுக்கையா இருப்பாரே."

"அவரு போன மேப்புக்கு" என்றார் வந்தவர். சிரிப்பில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. "கோர்ட்டுல தொகுதிக் கோட்டை மாத்தி வரைஞ்சாங்கல்ல, அதுலேருந்து உங்க கவுண்டி என் பக்கம் வந்துருச்சு."

"அது நடந்து மூணு வருசமாச்சே ஐயா."

"ஆமாங்க. ரொம்ப நாளா வரணும் வரணும்னு..."

"ஒங்க பேரு இன்னைக்குச் சீட்டுல இல்லையே, எதுக்கு வந்துருக்கீக?"

"இல்லைங்க, என் தேர்தல் அடுத்த வருஷம். சும்மா மக்களைப் பாத்துட்டு, எல்லாரும் புகழ்ற இந்த ஸ்டூவை ஒரு வாய்..."

வெர்னா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பத்தொன்று. பிறகு அந்த மனிதரின் தோளைப் பார்த்தாள். அகலமான தோள்தான்.

"ஐயா, நீங்க எங்க பிரதிநிதி. அப்படித்தான?"

"ஆமாம்மா."

"பிரதிநிதின்னா நாங்க நிக்க முடியாத எடத்துல எங்களுக்குப் பதிலா நிக்கணும். அப்படித்தான?"

"ரொம்பச் சரி. அதுதான் என் கடமை."

"அப்ப இங்க வந்து நில்லுங்க" என்று துடுப்பை அவர் கையில் கொடுத்தாள். "நான் ஓட்டுப் போட்டுட்டு வாரேன். கோட்டக் கழத்துங்க. சுத்திச் சுத்திக் கிண்டக்கூடாது, அடியச் சொரண்டிக்கிட்டே குறுக்கும் நெடுக்கும் தள்ளணும். நிறுத்தக்கூடாது. யாரு வந்து கை நீட்டுனாலும் துடுப்ப விட்டுக் கைய எடுக்கக்கூடாது. வெளங்குதா?"

போன் வைத்திருந்த அம்மாள் ஏதோ சொல்ல வந்தாள். "அந்தக் கோட்ட வாங்கி வச்சுக்கிடுங்கம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெர்னா ஓடினாள். அறுபத்தோரு வயதில், ரப்பர் பூட்ஸோடு, அவள் ஓடியதை ஹிக்கரி ஃபோர்க் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வாசல் மேசையில் ஓலீட்டா உட்கார்ந்திருந்தாள். வெர்னாவோடு ஒரே சர்ச் பாட்டுக்குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறவள். தேர்தல் நாளில் மட்டும் யாரையும் தெரியாதவள்.

"உள்ள வரக்கூடாது" என்றாள்.

"ஏன்க்கா? மணி ஆறே முக்கால்தான."

"ஏப்ரன்ல ஒன் புருசன் பேரு எழுதியிருக்கு. நாப்பது அடிக்குள்ள வேட்பாளர் பேரு வரக்கூடாது."

வெர்னா ஏப்ரனை அவிழ்த்து வெளியே எறிந்தாள். அதற்குள்ளே போட்டிருந்த பனியனிலும் ஹோபர்ட் கிளாரி என்று ஒரு சாண் எழுத்தில் இருந்தது. மகள் அச்சடித்து அனுப்பியது. வெர்னா குனிந்து பார்த்தாள். ஓலீட்டாவும் பார்த்தாள்.

"அதுவும் கூடாது" என்றாள் ஓலீட்டா.

"இதையும் கழத்துனா நீ விடுவியா?"

"அதுக்கும் சட்டம் இருக்கும்."

சுவர் ஆணியில் தீயணைப்பு உடுப்பு ஒன்று மீதி தொங்கியது. வெர்னா அதை எடுத்து மாட்டிக் கழுத்துவரை பட்டன் போட்டாள். கை மறைந்து, முட்டிக்குக் கீழே வரைக்கும் தொங்கியது. ஓலீட்டா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள்.

"முழுப் பேரும் விலாசமும் சத்தமாச் சொல்லணும்."

"ஓலீட்டா அக்கா, ஞாயித்துக்கெழமதான் என் வீட்டுல ஒக்காந்து ரெண்டு துண்டு ஆப்பிள் பை தின்ன."

"மூணு. பேரு?"

"வெர்னா லூயிஸ் கிளாரி. 2210, சாப்பெல் ரோடு" என்று கத்தினாள் வெர்னா. கடைசி நேரத்தில் வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தட்டிக்குப் பின்னால் போய்ப் பேனாவை எடுத்து, உடுப்பின் நீளக் கையை மடக்கிவிட்டுக்கொண்டாள். சீட்டில் பிரெஸ்டன் ஈலமின் பெயர் மேலே, ஹோபர்ட் பெயர் கீழே. பிரெஸ்டன் கெட்டவர் இல்லை. அவளுடைய அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கின ஆறு பேரில் ஒருவர். பாலம் கட்டத் துப்பில்லாதவர், அவ்வளவுதான். மன்னிச்சுக்கிடுங்கண்ணே என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, ஹோபர்ட் பெயருக்கு நேராக இருந்த வட்டத்தைக் கறுப்பாக, ஓரம் பிசகாமல் நிரப்பினாள். இயந்திரம் சீட்டை இழுத்துக்கொண்டது. வெளியே வந்து மூச்சை இழுத்துவிட்டாள். மூச்சோடு கூடவே வாடையும் வந்தது.

அடிப்பிடித்த வாடை.

கொப்பரையருகில் வாஷிங்டன் மெம்பர் சட்டைக் கையை மடக்கி நின்றார், டை தோளுக்குமேல் கிடந்தது. ஈலம் வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் பரம சாதுவாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு கை நீட்டுனது?" என்றாள் வெர்னா.

"மூணு பேரும்" என்றான் டிங்க் ஐஸ்பெட்டிமேலிருந்து. "ஒருத்தர் மாத்தி ஒருத்தர். நான் சொன்னேன் ஐயா வேணாம்னு. அவருக்குக் கை தானாப் போகுது."

"பழக்கதோஷம்மா" என்றார் மெம்பர். காது வரைக்கும் சிவந்திருந்தார். "அரை நிமிஷம்தான் விட்டேன்."

"சோளத்துக்கு அரை நிமிசம் போதும். தள்ளி நில்லுங்க."

அவள் கிண்டுவதற்காகத் துடுப்பை வாங்கவில்லை. மேலே தூக்கி வெளியே எடுத்தாள். இனிமேல் அடியைத் தொடக்கூடாது. கொள்ளிக்கட்டைகளை இழுத்துப்போட்டு மண்ணை அள்ளிக் கொட்டினாள். நீளக் கரண்டியால் மேலாக முகர்ந்து, முகர்ந்து, முக்கால் கொப்பரையைப் பெரிய பானைகளுக்கு மாற்றினாள். மெம்பர் பானையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டை தக்காளி நிறமாகிப்போனது. மாற்றி முடித்ததும் வெர்னா ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"லேசா ஒரு பொகை. பொகை போட்ட பன்றித்தொடை சேத்ததுன்னு சொல்லி வித்துரலாம்."

"அடுத்த வருசம் இவரு பேரு சீட்டுல வரும்ல" என்றார் மாவுக்கட்டுக்காரர். "அப்ப எல்லாருக்கும் மூக்குல இந்த வாடை அடிக்கும்."

"ஐயா, என்னைய மாதிரி ஒரு ஆளுக்கு இருபத்தோரு வருசமாக் காத்துக்கிட்டிருந்தேன்" என்று டிங்க் அவருக்கு ஐஸ்பெட்டியில் பாதி இடம் விட்டான். மெம்பர் சிரித்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெர்னா கிண்ணத்தில் ஸ்டூவும் மேலே இரண்டு உப்பு பிஸ்கட்டும் வைத்துக் கொடுத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார், இன்னொரு கிண்ணமும் கேட்டார். போனைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாளும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஹோபர்ட் கடைசி நிமிஷத்தில் அந்த விதவையைக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். புகைபோக்கித் தீயை அணைத்துவிட்டு வண்டியும் வந்துவிட்டது. வாரியத்தில் அந்தப் பகுதிக்கான இடத்துக்கு ஒரே ஓட்டுச்சாவடி அதுதான். எண்ணி முடித்தால் முடிவு. பிரெஸ்டன் ஈலம் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி தன் ஆட்களோடு நின்றார். எழுபது வயது, மெலிந்த நெடிய மனிதர். ஹோபர்ட் கொஞ்சம் தள்ளி, தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டு நின்றான். வெர்னா தீயணைப்பு உடுப்பைக் கழற்ற மறந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

ஏழரைக்கு ஓலீட்டா நீளமான காகிதச் சுருளோடு வந்தாள். ஷெரிஃப், மண் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். சட்டப்படி வரிசையாகத்தான் படிப்பாளாம்.

"கவுண்டி வாரியம். பிரெஸ்டன் ஈலம், நூத்தி ஆறு. ஹோபர்ட் கிளாரி, நூத்தி ஏழு."

டிங்க் இடுப்பை மறந்து எழுந்து, நினைவு வந்து மறுபடி உட்கார்ந்தான். தீயணைப்புக்காரர்கள் சங்கை ஊதினார்கள். வெர்னா புருஷனின் கையைப் பிடித்தாள். அது சில்லிட்டுப் போயிருந்தது. அவன் சிரிக்கவில்லை.

பிரெஸ்டன் நடந்துவந்து கையை நீட்டினார். "நல்லா இரு ஹோபர்ட். ஒத்த ஓட்டு. நான் ஒனக்குப் போட்ட ஓட்டுதான் அது, தெரியுமா? வெர்னா, ஒனக்குச் சந்தேகமா இருக்கும். பைபிள்மேல சத்தியம், இவன் பேருக்குத்தான் போட்டேன்."

வெர்னாவுக்கு வெட்கமாகப் போயிற்று. சாயங்காலம் அவரைப் பேசிய பேச்சு முழுவதும் நினைவுக்கு வந்தது. ஹோபர்ட் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"பிரெஸ்டன் அண்ணே, நான் ஒங்களுக்குப் போடல."

ஈலம் வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் கிட்டே வந்தார்கள்.

"வாசல்ல கையக் குடுத்தப்ப போடணும்னுதான் குடுத்தேன். உள்ள போயி ஒங்க பேருக்கு நேரா பேனாவ வச்சேன். எழுத வரல. அந்தப் பாலத்த நானே நின்னு கட்டணும்னு இருந்துச்சு. அந்த எடம் எனக்கு வேணும்னு இருந்துச்சுண்ணே. என் பேருக்கே போட்டுட்டேன். காலையிலேருந்து யாரு மூஞ்சியையும் பாக்க முடியல. வாக்கக் காப்பாத்திருந்தா நீங்கதான் ஒரு ஓட்டுல ஜெயிச்சிருப்பீக. தேர்தல் ஆபீஸ்ல போயிச் சொல்லிரவா?"

"யாரு யாருக்குப் போட்டான்னு காதுல வாங்க எனக்குச் சட்டம் கெடையாது" என்று ஓலீட்டா காகிதத்தைச் சுருட்டினாள்.

பிரெஸ்டனின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று வெர்னா பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நான் அஞ்சு தேர்தல்ல நின்னு ஜெயிச்சவன். அஞ்சு தடவையும் அந்த வாசல்லதான் கையக் குடுத்தேன். அஞ்சு தடவையும் உள்ள போயி எனக்குத்தான் போட்டுக்கிட்டேன். ஒங்க அப்பன் என்ன செஞ்சிருப்பான்னு நெனைக்கிற?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தடவதான் எனக்கு அலுத்துப்போச்சு. சோத்துல கை வச்சா போன் வருது, ரோட்டுல குழின்னு. மகள் ஃபுளோரிடாவுக்கு வா வான்னு கூப்புடுறா. ஒன் பேருல கறுப்படிச்சுட்டு வெளிய வந்தேன் பாரு, அப்பத்தான்ய்யா எனக்கு நல்லா மூச்சு வந்துச்சு. ஜனவரி ஒண்ணாம் தேதிலேருந்து ஒன் போன் நம்பரத்தான் எல்லாருக்கும் குடுப்பேன்."

அவர் ஹோபர்ட்டின் கையைத் தானே பிடித்து இழுத்துக் குலுக்கினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஈலம் வீட்டு மூன்று பேரும்கூடச் சிரித்துவிட்டு ஸ்டூவுக்கு வரிசையில் நின்றார்கள். வாஷிங்டன் மெம்பர் கிண்ணத்தோடு எழுந்து வந்து, பாலத்துக்கு வாஷிங்டன் பணம் ஏதாவது கேட்டுப் பார்த்தார்களா என்று விசாரித்தார். ஹோபர்ட் அவரை விடவில்லை. எத்தனை தூண், எந்தத் தூணில் விரிசல், பள்ளிக்கூட பஸ் எத்தனை மைல் சுற்றிப் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வண்டியில் டார்ச் இருக்கிறது, இப்பவே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அவர் முழங்கையைப் பிடித்தான்.

போகிற வழியில் வெர்னா முன்னால் நின்றான். "கோவமா?" என்றான்.

"கையக் குடுத்துட்டு ஏமாத்தியிருக்க."

"ஆமா."

"என்கிட்டயும் மறைச்சிருக்க."

"ஆமா வெர்னா."

"சரி, போ. அந்தாளு சட்ட நனைஞ்சிருக்கு, அவரு கோட்ட வாங்கி மாட்டிக்கிடச் சொல்லு. பள்ளத்துல எறங்கும்போது பாத்து."

இரண்டு பேரும் இருட்டுக்குள் போனார்கள். ஹோபர்ட்தான் முன்னால் போனான். பேச்சுச் சத்தம் ரோடு திரும்புகிறவரைக்கும் கேட்டது. வெர்னா பானையிலிருந்து தனக்கென்று ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு டிங்க் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாக்குத் தவறியது பாவம்தான், அதற்காக அவனோடு சேர்ந்து கடவுளிடம் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். இன்றைக்கு அவளால் வருத்தப்பட முடியவில்லை.